எல்லாப் பட்டனுக்கும் ஒரே கோட்

"எல்லாப் பட்டனும் செத்துப் போகணுமா?"

கேட்டது மெக்கானிக். இன்டர்நெட்டில் படம், பாட்டு, சீரியல் எல்லாம் காட்டும் பெட்டியை டிவியில் மாட்ட வந்தவன்.

"சாகணும்னு சொல்லலை. இந்த ரிமோட்டுல எதை அமுக்கினாலும் டிவி அணையணும். மறுபடி அமுக்கினா வரணும். அவ்வளவுதான்" என்றாள் அந்த வீட்டு மருமகள்.

சோபாவில் சம்மணம் போட்டிருந்த நாத்தனார், பக்கத்தில் இருந்த தம்பியைப் பார்த்தாள். தம்பி போனைப் பார்த்தான்.

பெட்டியை வாங்கி வந்தது நாத்தனார். படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்காக என்று சொல்லித்தான் வாங்கினாள். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. இடது கைக் கட்டைவிரல் மட்டும் ஓரளவு சொன்னபடி கேட்கும். ஹாலை ஒட்டிய அறையில் கட்டில். படுத்தபடியே கதவு வழியாக டிவி தெரியும், சோபாவில் யாரும் உட்காராவிட்டால்.

"பெட்டியோட ரெண்டு ரிமோட் வந்திருக்கு. ஒண்ணு அப்பா கையில இருக்கட்டும், இஷ்டப்பட்ட பாட்டைப் போட்டுக் கேட்கட்டும்னு நான் ஆசையா வாங்கிட்டு வந்தா, இவ அதையும் பிடுங்கறா பாருடா" என்றாள் நாத்தனார்.

"ஏன் இப்படிப் பண்றே?" என்றான் தம்பி, போனிடம்.

"காரணமாத்தான்" என்றாள் மனைவி.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கோட் இருக்கும்மா. மாத்தி எழுதலாம், கஷ்டமில்லை. ஆனா எல்லாரும் இன்னும் ரெண்டு வசதி சேர்த்துக் கொடுன்னுதான் கேட்பாங்க. இருக்கிறதை எடுக்கச் சொல்லி இப்பத்தான் பார்க்கிறேன்."

"இன்னொண்ணு. ஹால் ரிமோட்டுல ஆன் பட்டன் வேலை செய்யக் கூடாது. மாமா அணைச்சா, மாமாவே அமுக்கினாத்தான் திரும்ப வரணும்."

"சார்?" என்றான் மெக்கானிக்.

"அவ சொல்றபடியே பண்ணிடுங்க" என்றார் சார். தலை நிமிரவில்லை.

உள்ளேயிருந்து பெல் சத்தம் கேட்டது. டிவியில் மணமேடையில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். நாத்தனார் ஹால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். மருமகள் எழுந்து மாமனார் அறைக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் நாத்தனார் ஆரம்பித்தாள். "ஒரு விசில் கொடுத்தா பஸ்ஸே நிக்கும். அப்படி வாழ்ந்த மனுஷன்டா! மிச்சம் இருக்கிற ஒரு விரலுக்கும் இவ பூட்டுப் போடறா. நான் வந்து தங்கினது பிடிக்கலை. அதை நேரா சொல்லத் துப்பில்லை. அப்பாவை வச்சு நம்ம டிவியை அணைக்கப் பார்க்கிறா."

தம்பி "ம்" என்றான். அக்கா பேசினாலும் "ம்", மனைவி பேசினாலும் "ம்".

மெக்கானிக் கோட் மாற்றிக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டில் போய்ச் சொல்ல அவனுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது.

கோட் மாற்றி முடித்து அவன் கிளம்பினான். மருமகள் அந்த ரிமோட்டை ஒரு நாடாவில் கோத்துக் கட்டில் கம்பியில் கட்டி, மாமனாரின் இடது கையில் வைத்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னியிலேருந்து எனக்கு மத்தியான ஷிப்ட். வர நேரமாகும். மாமாவைப் பார்த்துக்கங்க."

"என் அப்பாவைப் பார்த்துக்க நீ எனக்குச் சொல்லித் தரணுமா?" என்றாள் நாத்தனார்.

மருமகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். டிவி பட்டென்று அணைந்தது.

நாத்தனார் ஹால் ரிமோட்டை அமுக்கினாள். உதறினாள். உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள்.

"டேய், எழுந்திருடா! போய் அப்பாவை அமுக்கச் சொல்லு! இப்பத்தான் தாலி கட்டப் போறான்!"

தம்பி ஓடினான். பின்னாலேயே அவளும் ஓடினாள்.

"அப்பா, அமுக்குங்கப்பா."

அப்பா அமுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த யூரின் கேனைக் கண்ணால் காட்டினார்.

மகன் அதை எடுத்தான். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுவரைப் பார்த்து நின்றபடி அக்கா "சீக்கிரம்டா" என்றாள். ஒருவழியாக வேலை முடிந்தது.

அப்பாவின் கட்டைவிரல் அசைந்தது. ஹாலில் டிவி வந்தது. தாலி கட்டி முடிந்திருந்தது.

நாத்தனார் வாசலுக்கு வந்து வெடித்தாள். "இதுக்கா இவ்வளவு நாடகம்? ஏதாவது வேணும்னா கூப்பிடத்தானே நான் பெல் வாங்கிக் கொடுத்திருக்கேன்? கட்டைவிரல் பக்கத்துலயே இருக்கே! அது அடிக்கலையா?"

மருமகள் செருப்பு வாரை இழுத்து மாட்டினாள்.

"நல்லா அடிக்குது, அண்ணி. அடிச்சா நீங்க டிவி சத்தத்தைத்தான் கூட்டறீங்க."