நடந்தே வீடு திரும்பினார்

“கையெழுத்துப் போட்டாத்தான் கதவு தொறக்கும். போனையும் குடுத்துடுங்க சார்.”

“உனக்கே இது ஓவரா இல்லையா தமிழரசி?”

“மேலேருந்து சொல்லிட்டாங்க சார். ஏசி இருக்கு, தண்ணி இருக்கு. பிஸ்கட்டு கூட வாங்கி வச்சிருக்கேன்.”

டாக்டர் ஹரிஹரன் போனைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னல் இல்லாத அறை. கூரை வரை நோயாளிகளின் ஃபைல்கள். மேசையில் ஒரு கணினி. அதன் பக்கத்தில் அவர் மாதக்கணக்கில் முடிக்காமல் விட்ட ஃபைல்கள். கடற்கரைச் சாலையோரத்து அந்த மருத்துவமனையில் மூன்று வருடம் வேலை பார்த்தும், ஆவண அறைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான்.

மறுநாள் காலை நாகர்கோவிலில் புது வேலையில் சேர வேண்டும். சாயங்கால ரயிலைச் செங்கல்பட்டுக்குப் போய்ப் பிடிக்க வேண்டும். ஆனால் ஃபைல்களை முடிக்காதவருக்கு விடுவிப்புக் கடிதம் கிடையாது. அந்தக் கடிதம் இல்லாமல் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

டாக்டர்கள் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது தமிழரசியின் வேலை. முதல் ஃபைலிலேயே அவள் விரலை வைத்து நிறுத்தினாள்.

“இருமல்னு எழுதியிருக்கீங்க. இருமலோட நம்பர்தான் விழும். எக்ஸ்ரேல நிமோனியான்னு இருக்கு, ஆனா நீங்க எழுதாம நானா போடக் கூடாது சார்.”

அவளுக்குத் தெரியாததா, அவளே எழுதிக்கொள்ளட்டும் என்றார். அவள் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். அடுத்த ஃபைலில் எந்தக் கால் என்று கேட்டாள். அதற்கடுத்ததில், சர்க்கரை முன்பே இருந்ததா, இங்கே வந்தபின் தெரிந்ததா என்று கேட்டாள்.

இரண்டு தெரு தள்ளிக் கடல். அறைக்குள் அதன் சத்தம்கூட வரவில்லை. ஹரிஹரன் கதவைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

கட்டு கரைந்து சில ஃபைல்களே மிச்சமிருந்தபோது தமிழரசி எழுந்தாள். அவருடைய கடிதத்தை வாங்கிவர மாடிக்குப் போக வேண்டும். வெளியே ஓர் அம்மா சிகிச்சைக் குறிப்பின் நகல் கேட்டுக் காலையிலிருந்து பெஞ்சில் காத்திருப்பதாகவும், டாக்டர் முடித்தால்தான் கவுண்டரில் பிரிண்ட் வரும் என்றும் சொன்னாள்.

“முடிஞ்சதுன்னு அமுக்கிட்டா அப்புறம் யாரும் மாத்த முடியாது. உள்ள பொரட்டிப் பாத்துட்டு அமுக்குங்க சார்.”

கதவு வெளியே தாழிடப்பட்டது.

மிச்சமிருந்தவை எல்லாம் மழைக்காலத்து வார்டு ஃபைல்கள். எல்லாருக்கும் காய்ச்சல், மூச்சுத்திணறல். ஹரிஹரன் ஒன்றுக்கு மட்டும் கணினியில் சிகிச்சைக் குறிப்பை ஒழுங்காக எழுதினார். மருந்துகளில் உடல் தேறியது, நடந்தே வீடு திரும்பினார் என்று ஆங்கிலத்தில் முடித்தார். அதையே நகலெடுத்து அடுத்ததில் ஒட்டினார். அதற்கடுத்ததிலும் ஒட்டினார். விரல்கள் லேசாகிக்கொண்டே வந்தன.

மற்ற ஃபைல்களையெல்லாம் வெள்ளை நாடாவால் கட்டியிருந்தார்கள். கடைசி ஃபைலில் மட்டும் கறுப்பு. வெள்ளை தீர்ந்திருக்கும் என்று நினைத்தபடி அதை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டார். அட்டையில் சடையப்பன், புதுப்பட்டினம் என்று இருந்தது. பெயரை மாற்றினார், ஒட்டினார், அமுக்கினார்.

தமிழரசி கடிதத்தோடும் போனோடும் வந்தாள். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றார். கதவு திறந்தது. உப்புக் காற்று முகத்தில் பட்டது. ரயிலுக்கு நேரம் இருந்தது.

வராந்தாவில், கவுண்டரிலிருந்து வாங்கிய தாளோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவரை வார்டில் பார்த்த அடையாளம் தெரிந்து முகம் மலர, வழியை மறித்தாற்போல் வந்து நின்றாள். பிரிண்டரின் சூடு ஆறாத அந்தத் தாளை அவர் கையில் வைத்தாள். மேலே சடையப்பன் என்று இருந்தது.

“எல்லாம் நீதான் எழுதுனியாமே சார். எனக்கு இங்கிலீசு தெரியாது” என்றாள்.

படித்துச் சொல்லத்தானே என்று அவர் தாளை உயர்த்தினார். விரலில் கறுப்பு நாடா இன்னும் சுற்றியிருந்தது. அவள் கண்கள் அதிலேயே நின்றன.

“அவரு உசுரு போறப்போ நான் பக்கத்துல இல்ல, கடைசியா இன்னா ஆச்சுன்னு படிச்சுக் காட்டு சார்.”