கதவை மறித்தவர்

யோர்மா பின்லாந்திலிருந்து அந்த ஸ்வீடன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உருக்கிய எவர்சில்வரைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஊற்றி, ஆர்கான் வாயுவைப் பீய்ச்சி அடித்து, மாவு மாதிரி தூளாக்கும் ஆலை அது.

அன்று காலை, கோபுரத்தின் அடியில் படிந்த தூளைச் சுரண்ட உள்ளே போன இளம் தொழிலாளி ஆல்வர் சுருண்டு விழுந்தான். காற்றை வெளியேற்றி மூச்சை அடைக்கும் அந்த வாயு உள்ளே மிச்சமிருந்திருக்கிறது. காப்பாற்ற ஓடிய யோர்மாவையும் மற்ற இருவரையும் ஃபோர்மேன் ஸ்டூரே கதவிலேயே மறித்துக் கீழே தள்ளினார். சுவாசக் கருவியோடு ஆட்கள் வந்து தூக்கியபோது ஆல்வருக்கு உயிர் இல்லை.

கேன்டீனில் தனியே உட்கார்ந்திருந்த ஸ்டூரே மீது யோர்மா பாய்ந்தான்.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடி இழுத்துப் போட்டிருப்பேன்! நீயெல்லாம் மனுஷனாய்யா?"

"உள்ளே ஒரு மூச்சு இழுத்தாப் போதும், தம்பி. நீயும் அவன் பக்கத்துலயே கிடந்திருப்பே."

"சட்டம் பேசாதே! எவன் பெத்த பிள்ளையோ, செத்தா உனக்கென்ன?"

ஸ்டூரே மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவன் அம்மாகிட்ட போய்ச் சொல்லணும். தனியாப் போகத் தைரியம் வரல. கூட வர்றியா?"

யோர்மாவின் குரல் சற்றுத் தணிந்தது. "அவங்க வீடு தெரியுமா?"

"என் வீடுதான். ஆல்வர் என் மகன்."

யோர்மா ஆணியில் தொங்கிய அவருடைய கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தான். ஸ்டூரே கையை நுழைத்ததும் இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.