பதினேழாவது குமிழ்ச்சரம்

காபிக்குத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கட்டுமென்று, பாத்திரத்தின் அடியில் லேசரால் பதினாறு நுண்குழிகள் போட்டவர் நம் பொம்மனஹள்ளி பத்ரிநாத். மனைவி பாகீரதி அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாயிற்று. குழிக்கொரு குமிழ்ச்சரம் எழும். இன்று பதினேழு எழுந்தன.

அடுப்பை அணைத்தார். பதினாறு அடங்கின. தண்ணீர் ஆறியும் பதினேழாவது மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தது. பயத்தில் மூச்சைப் பிடித்தார்; குமிழ் நின்றது. மூச்சு விட்டார், வந்தது.

"ஆறின தண்ணிய என்னன்னா வேடிக்கை பாக்கறேள்?" பாகீரதி பாத்திரத்தைத் தூக்கினாள்.

"கொட்டாதேடீ! பதினேழாவதா ஒண்ணு வரது!"

கொட்டிவிட்டாள். பத்ரிநாத் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். புதுத் தண்ணீர் கொதித்ததும் எண்ணினாள். "பதினாறேதான்! இப்போ திருப்தியா?"

பத்ரிநாத் தலையாட்டினார். நெஞ்சில் வைத்த கையை எடுக்கவில்லை. நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.