ஈரம் காய்வதற்குள்

"என் டிராக்டர் இனிமே ஒங்க காட்டுல எறங்காதுண்ணே. போயிட்டு வாங்க!"

சவரிநாதன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அவன் வீட்டை ஒட்டியிருந்த கீரைத் தோட்டம் அலங்கோலமாகக் கிடந்தது. மணப்பாறைச் சந்தைக்கு அறுக்க வைத்திருந்த கீரையை விடிவதற்குள் அம்மாசியின் மாடு மேய்ந்து தீர்த்திருந்தது.

"நேத்து சாயங்காலம்தானே உழ வரேன்னு சொன்ன? வாயில்லாத ஜீவன் செஞ்சதுக்கு என்னையத் தண்டிக்கிறியே தம்பி. இப்பத்தான் ஒரு மழை பெஞ்சிருக்கு. ஈரம் காஞ்சுட்டா இந்தப் பட்டமே போச்சு."

"மாட்டைக் கட்டி வைக்கத் தெரியாதவருக்குக் காடு எதுக்குண்ணே?"

அம்மாசிக்குச் சுருக்கென்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். ஊரில் இருப்பது அந்த ஒரே டிராக்டர். பக்கத்து ஊர்களுக்குப் போன் போட்டார். எல்லாரும் கையை விரித்தார்கள். மழை பெய்த மறுநாள் எந்த வண்டிதான் சும்மா நிற்கும்?

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி ராக்கம்மாள் மேல் பாய்ந்தார்.

"மாட்டை ஒழுங்காக் கட்டுனியா இல்லியா?"

"இறுக்கித்தாங்க கட்டுனேன். எப்படி அவுந்துச்சோ!"

"இந்த வருஷமும் உளுந்து வெளையலைன்னா காட்டை வித்துட்டு எடமலைப்பட்டி புதூர்ல வாட்ச்மேன் வேலைக்குத்தான் போவணும். சந்தோஷமா?"

ராக்கம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள். "போன வருஷம் உழுது விதைச்ச உளுந்தை ஒரே மழை மண்ணோட வாரிக்கிட்டுப் போச்சு. உழாமலே ஊனிப் பாப்போமுங்க. கருது ஒடிச்ச மக்காச்சோளத் தட்டை காட்டுல அப்படியே கெடக்கட்டும். ஊடால குச்சியால குழி போட்டு உளுந்தைப் போடுவோம். மகளிர் குழுவுல கூட்டிட்டுப் போயி ஒரு காட்டைக் காட்டுனாங்களே, அங்க..."

"எத்தனை தடவைடி இதையே சொல்லுவ? உழாம விதைச்சா ஊரே என்னையச் சோம்பேறின்னு சொல்லும்!"

"அப்பச் சரி. சவரிநாதன் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க."

"அவன் கால்லயா? நானா?" அம்மாசிக்கு மீசை துடித்தது. "எடுடி விதையை! அவன் வண்டி வரலைன்னா என் காடு வெளையாதா? பாத்துடுறேன் ஒரு கை!"

இருவரும் காட்டில் பரவிக் கிடந்த தட்டைக்கு நடுவே இடுப்பொடியக் குனிந்து விதையை ஊன்றினார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று சிரித்தார்கள். "என்ன அம்மாசி, காட்டுக்குக் குளிருதா? போர்வை போத்தி வச்சிருக்க!" அவமானத்தில் அவர் தலை நிமிரவே இல்லை.

அதற்கப்புறம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்துக் காடுகளில் உளுந்து தலை தொங்கியது. அம்மாசி தினமும் பயந்துகொண்டே போவார். தட்டையை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். ஜில்லென்று ஈரம் இருக்கும். செடி வாடவில்லை, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. சிரித்தவர்களே வரப்பில் நின்று தட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டில் மூட்டைகள் வந்து இறங்கிய அன்றுதான் அம்மாசி நிம்மதியாகத் தூங்கினார்.

அறுவடை முடிந்த கையோடு சவரிநாதன் வீடு தேடி வந்தான்.

"பழசை மறந்துடுங்கண்ணே. கோவத்துல ஏதோ பேசிட்டேன். நாளைக்குக் காலையில வண்டியோட வரேன். நல்லா ஆழமா ஒரு கோடை உழவு போட்டுடுவோம்."

காபி கொண்டுவந்த ராக்கம்மாள் குறுக்கிட்டாள். "உழவே வேணாமுங்க. அந்தத் தட்டையாலதான் இந்த வருஷம் பொழைச்சோம்."

"நீ சும்மா இரு. ஏதோ நம்ம நல்ல நேரம் வெளைஞ்சுது. உழுதிருந்தா இன்னும் அள்ளியிருக்கலாம்." இனி ஊரில் யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது என்பதே அம்மாசிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. "விடிஞ்சதும் வந்துடு தம்பி!"

ராக்கம்மாள், சவரிநாதன் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் கருக்கலில் மாட்டு மணிச் சத்தம் கேட்டுக் கண் விழித்த அம்மாசி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

ராக்கம்மாள் முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்து, சவரிநாதனின் கீரைத் தோட்டத்துப் பக்கம் மாட்டைத் திருப்பி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். ஏற்கெனவே ஒரு தடவை அவள் ஓட்டிவிட்ட வழிதான் என்பதால், மாடு தயங்காமல் நடந்தது.