தடவிய எண்ணெய்

"அந்தக் கடலெண்ணெயத் தள்ளி வைக்கா. பூரிக்கு நான் சூரியகாந்தி வாங்கிட்டு வந்திருக்கேன்."

தங்கை வளரு பாக்கெட்டை அடுப்படியில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

அக்காவின் கையில் கேக் இருந்தது. தங்கை மகன் பரிதியின் பிறந்தநாள் கேக்.

கால் அப்படியே நின்றுவிட்டது.

மாவு புதிது. கரண்டி புதிது. மிக்ஸி ஜாரைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டுக் கழுவியிருந்தாள். வேர்க்கடலை டப்பாவைப் பக்கத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். போன பொங்கலுக்கு ஒரே ஒரு கடலைமிட்டாய். பிள்ளைக்கு முகம் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டம் யாருக்கு மறக்கும்?

அத்தனையும் செய்த இதே கைதான், கேக் தட்டில் தடவ மட்டும் அடுப்போர எண்ணெய்த் தூக்கில் விரலை விட்டது. தோசைக்கல்லுக்குத் தொடுகிற பழக்கம்.

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்.

கூடத்தில் பரிதியின் குரல்.

"பெரியம்மா செஞ்சது. நான் சாப்பிடலாமே!"

ஊரார் பிறந்தநாளுக்கெல்லாம் தன் பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்த பிள்ளை அது.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான்.

காலையிலிருந்து அவள் அடித்துக்கொண்ட பெருமையைக் கேட்டவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

மேசையை நெருங்கும்போது கையைத் தளர்த்தினாள். கேக் தரையில் சிதறியது.

ஐயோ என்றார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பரிதிக்கு உதடு பிதுங்கியது. அழவில்லை.

"விடுக்கா. என் கண்ணேதான் பட்டிருக்கும்."

தங்கை அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அதைத்தான் தாங்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டாள்.

விரலிடுக்கு வழியே பார்த்தாள். பரிதி தரையில் குந்தியிருந்தான். ஒரு துண்டு, வாயருகே.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாவம்க்கா, ஒரு வாய் தின்னுட்டுப் போறான். நீ துடைச்ச தரைதானே?" தங்கை சிரித்தாள்.

அவள் துண்டைப் பிடுங்கிப் போட்டாள். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

தலை நிமிரவில்லை.

"அது தானா விழல, வளரு."

சிரிப்பு நின்றது.

தங்கை குனிந்து, கீழே கிடந்த துண்டை எடுத்தாள்.

மோந்து பார்த்தாள்.