கடைசி பல்பு

கிறிஸ்துமஸ் வருகிறதென்று எர்வின் கிழவர் ஜன்னலில் மர விளக்கு வளைவை எடுத்து வைத்தார். அதன் மேல் வரிசையாக ஏழு பல்புகள். ஒன்று தளர்ந்தாலும் ஏழும் அணைந்துவிடும். தினமும் சாயங்காலம் கடைசி பல்பு தானாகவே தளர்ந்துகொள்ளும்.

"ஏண்டா இப்படிப் படுத்துறே?" என்று எரிந்து விழுந்தான், வளைவுக்குள் மரத்தில் செதுக்கி நிறுத்தியிருந்த குட்டித் தொழிலாளி.

"அணைஞ்சாத்தானே அவர் வந்து ஒவ்வொருத்தரையா தொட்டு, 'நீயாடா? நீயா?'ன்னு கேட்பார். இல்லேன்னா என்னை யாரு தொடப்போறா?"

"வெட்கமா இல்லே? இன்னிக்காவது ஒழுங்கா எரி."

பல்பு ஒழுங்காக எரிந்தது. கிழவர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து வந்து, கடைசி பல்பைத் தாமே திருகித் தளர்த்தினார். எல்லாம் அணைந்தன.

இருட்டில் முதல் பல்பைத் தொட்டார்.

"நீயாடா?"