ஒண்ணுமே நடக்காத கதை

"மறுபடியும் அந்த ஜப்பான் அனிமே கார்ட்டூனா?" மேற்கு மாம்பலம் வீட்டில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்த கயலைப் பார்த்ததும் நிலாவுக்குக் கோபம் வந்தது. "அதுல அப்படி இன்னா கதை கீது?"

"கதையே கெடையாது. நாலு ஸ்கூல் பொண்ணுங்க. மத்தியானம் சாப்பாட்டைப் பங்கு போட்டுத் தின்னுதுங்க. மொக்கை ஜோக்குக்கு வுழுந்து வுழுந்து சிரிக்குதுங்க. அவ்ளோதான்."

"ஒண்ணுமே நடக்காதா?"

"நடக்காது. அதான் எனக்குப் புடிச்சிருக்கு."

"பத்து நாள்ல உனக்குப் பத்தாவது பரீட்சை. போனை வெச்சிட்டு கணக்கு புக்கை எடு!"

கயல் போனை வைக்கவில்லை. "சைதாப்பேட்டையில நாங்களும் இப்படித்தான் நாலு பேரு, ஒரே பெஞ்சுல ஒக்காந்துக்கினு இருந்தோம். பரீட்சைக்கு முன்னாடி ஆத்தோரத்து வீட்டையெல்லாம் இடிச்சிட்டாங்க. ஆளுக்கொரு பக்கமா பூட்டோம். அப்பால யாரையும் பாக்கவே இல்ல." அவள் செல்போன் திரையைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கிளாஸை வுட்டு யாரும் எங்கியும் போக மாட்டாங்க."

இருபத்தைந்து வருடம் கழித்துத் தனித்தேர்வு எழுதப் போகிற அம்மாவின் பக்கத்தில் நிலா நெருங்கி உட்கார்ந்தாள்.

"இன்னொரு எபிசோடு போடும்மா. நானும் பாக்குறேன். அப்புறமா கணக்குப் போடலாம்."